மாதா கோவிலுக்குள் ஒரு ஃபிளாட்

கனடா போய் வந்ததைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நயாகராவைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் விழுந்தது, நாங்கள் நனைந்தோம், ஐஸ்கிரீம் விலை அதிகம். மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். என் மனத்தில் தங்கியது வேறு. மொன்றியல் நகரத்தின் கிழக்குப் பக்கம், ஆலைகள் மூடி நொடித்துப்போன ஒரு தொழிலாளர் பேட்டையில், பூட்டிக் கிடந்த மாதா கோவில்களைப் பார்த்தேன். அப்படி ஒரு கோவிலில்தான் என் பெரிய மகள் வீடு வாங்கப் பார்த்தாள். கோவிலுக்குப் பக்கத்தில் அல்ல, கோவிலுக்குள்ளேயே.

2018-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் போய் ஆகஸ்டு கடைசியில் திரும்பினேன். மனைவி காலமான பிறகு மகள் விடாப்பிடியாக அழைத்ததால் போனது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஊரில் கொடி மாறிய பிறகும் எங்கள் பள்ளியில் மொழி மாறவில்லை. ப்ரெவே பரீட்சை எழுதிவிட்டு, அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு ஆங்கிலத்தில் கோப்பு எழுதியே காலத்தை ஓட்டினேன். மொன்றியல் பிரெஞ்சு பேசும் ஊராயிற்றே, அங்கே எனக்கு என்ன பயம் என்ற தைரியம் இருந்தது. விமான நிலையத்திலேயே அதில் பாதி போய்விட்டது. அவர்கள் பேசுவதும் பிரெஞ்சுதான், ஆனால் எங்கள் மிஸ்யே பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு இல்லை. அறிமுகமில்லாத மனிதர்களை "வூ" என்று மரியாதையாக அழைக்கவேண்டும் என்று படித்தவன் நான். அங்கே கடைக்காரப் பையன் முதல் வார்த்தையிலேயே "தூ" என்கிறான், நம்மூரில் சின்னப் பையன் "நீ" என்று கூப்பிடுகிற மாதிரி. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

திட்டும் சொற்கள்தான் பழகவில்லை. கியூபெக்காரர்கள் கோபம் வந்தால் எடுக்கும் வார்த்தைகள் பெரும்பாலும் கோவிலுக்குள் இருக்கும் பொருள்கள். "தபர்னாக்" என்றால் நற்கருணைப் பேழை. "கலிஸ்" என்றால் பூசைக் கிண்ணம். "ஓஸ்தி" என்றால் பூசையில் கொடுக்கும் அப்பம். மாப்பிள்ளை ஒருநாள் கார் ஓட்டும்போது எதிரே வந்தவன் கண்ணாடியை இறக்கி இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, அதெல்லாம் நீங்க திருப்பிச் சொல்லக் கூடாது" என்றாள். பூசைக்குப் போவதை நிறுத்தி ஐம்பது வருடமான ஜனங்கள், கோபம் வந்தால் மட்டும் பூசை மேசைக்குத் திரும்புகிறார்கள்!

ஒரு காலத்தில் அவ்வளவு கோவில்கள் அங்கே. 1881-இல் அந்த ஊருக்கு வந்த மார்க் ட்வெய்ன், இங்கே ஒரு செங்கல்லை எறிந்தால் ஏதாவது கோவில் ஜன்னல் உடையாமல் இருக்காது என்று விருந்தில் கேலி செய்தாராம். 1960 வரை கியூபெக்கில் பிரெஞ்சு பேசுவோரின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் எல்லாம் சபையின் கையில்தான் பெரும்பாலும் இருந்தன. பிறகு வந்த அரசாங்கம் அவற்றை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அமைதிப் புரட்சி என்று அதற்குப் பெயர். ஒரே தலைமுறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்துபோயிற்று.

எழுத்தர் புத்தி எங்கே போகும், இதிலும் என்னைக் கவர்ந்தது பதிவேடுதான். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் கோவில் ஏடுகளே அங்கே அரசாங்கப் பதிவாகவும் 1993 கடைசி வரை செல்லுபடியாயின. "எத்தா சிவில்" காகிதத்துக்குப் புதுச்சேரியில் என்ன மதிப்பு என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பாட்டனார் பெயரில் ஓர் எழுத்து பிசகியதால் பிரெஞ்சுக் குடியுரிமை கைநழுவிய குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அப்படிப்பட்ட ஏடுகளை ஒரு காலத்தில் வைத்திருந்த கட்டடங்களுக்கு இப்போது முன்வாசலில் சங்கிலி.

மகள் வீடு இருந்த பகுதிக்கு ஓஷ்லாகா மெசொன்னவ் என்று பெயர். மெசொன்னவ் 1883-இலிருந்து தனி நகரமாக இருந்தது. காலணித் தொழிற்சாலைகள், சர்க்கரை ஆலை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் சேர்ந்து பணம் கொழித்தது. பணம் வந்ததும் நகரத் தந்தைகளுக்கு ஆசை வந்தது. அரண்மனை மாதிரி சந்தைக் கட்டடம், நீச்சல் குளத்தோடு பொதுக் குளியலறை, பெரிய பூங்கா, அகலமான சாலை என்று கட்டித் தள்ளினார்கள். கடன் ஏறியது. 1918-இல் அந்த நகரத்தையே மொன்றியலோடு சேர்த்துவிட்டார்கள். சந்தையும் குளியலறையும் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. கடன் வாங்கிக் கட்டினாலும் கல்லில் கட்டினால் பேரன் காலத்துக்கு உதவும் போலிருக்கிறது. பிறகு, இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், ஆலைகள் மூடின. நம் ரோடியர் மில் சங்கு நின்றபோது முதலியார்பேட்டைப் பக்கம் எப்படி ஓய்ந்துபோனதோ அப்படித்தான் அங்கேயும் ஆகியிருக்கவேண்டும்.

அந்தப் பேட்டையில் ஆதாம் தெருவில் இயேசுவின் திருநாமக் கோவில் என்று ஒன்று, இரட்டைக் கோபுரத்தோடு. உள்ளே காசவான் சகோதரர்களின் பட்டறையில் செய்து, முதல் உலகப் போர்க் காலத்தில் பொருத்திய பைப் ஆர்கன் இருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். தொழிலாளிகள் குடியிருந்த பேட்டைக்கு அவ்வளவு பெரிய ஆர்கன்! பழுது பார்க்கும் செலவு தாங்காமல் 2009-இல் அந்தக் கோவிலைப் பூட்டினார்கள். கட்டடத்தை விட அந்த ஆர்கனுக்கு என்ன ஆகும் என்றுதான் இசைக்காரர்கள் பதறினார்கள்.

ஏன் பூட்டினால் உடனே கெட்டுப்போகிறது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நம் ஊரில் பூட்டிய கட்டடம் மெதுவாகச் சாகும். உப்புக் காற்று சுண்ணாம்பைத் தின்னும், காக்கை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்துச் சுவரைப் பிளக்கும். அதற்கே வருடக் கணக்கு ஆகும். எங்கள் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அதுகூடப் பல வருடப் புறக்கணிப்பின் முடிவு. மொன்றியலில் குளிர்காலம் அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். கல் இடுக்கில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும், மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் விலகும். உள்ளே சூடு ஏற்றாவிட்டால் குழாய்கள் வெடிக்கும், மேல்பூச்சு உதிரும், ஆர்கனின் தோல் துருத்திகள் கெட்டுப்போகும். சூடு ஏற்றினாலோ, அவ்வளவு உயரமான கூரைக்குக் கீழே எரியும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கணக்கே இல்லை. இருபது கிழவிகள் வரும் பூசைக்கு ஒரு கப்பலையே சூடேற்றுவது போல.

கியூபெக் முழுவதும் 2003-இல் கணக்கெடுத்தபோது, 1975-க்கு முன் கட்டிய வழிபாட்டு இடங்கள் 2,751 இருந்தன. நான் போன வருடத்துக்குள் அவற்றில் ஐந்நூறுக்கும் மேல் மூடியோ, கைமாறியோ, இடிந்தோ போயிருந்தன.

கைமாறியவற்றின் கதிகள் பலவிதம். உடற்பயிற்சிக் கூடமும் வெந்நீர்க் குளமுமாக ஒன்று. நாடகக் கொட்டகையாக ஒன்று. கியூபெக் நகரத்தில், லிமுவாலு என்ற தொழிலாளர் பகுதியில், தூய ஆவியார் கோவில் சர்க்கஸ் பள்ளியாகிவிட்டது. அந்தப் பள்ளியின் படத்தைப் பார்த்தேன். சாமியார் பிரசங்கம் செய்த உயரத்தில் ஒரு பெண் கயிற்றில் தொங்குகிறாள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பயமின்றி அந்தரத்தில் தொங்குவதற்கும் ஒருவித விசுவாசம் வேண்டும். அதே நகரத்தில் ஒரு பழைய ஆங்கிலிக்கன் கோவில் நூலகமாகியிருக்கிறது. வாசலில் கல்லறைகள் அப்படியே உண்டு. கல்லறை வரிசையைத் தாண்டிப் போய்ப் புத்தகம் எடுத்து வருகிறார்கள்.

மோசமான கதையும் அந்த நகரத்தில்தான். தூய வின்சென்ட் தே பால் கோவிலை ஒருவர் ஓட்டல் கட்ட வாங்கினார். 2006-இல் பின்பகுதியை இடித்தார். முகப்பை மட்டும் விட்டுவைத்து, ஓட்டலோடு சேர்ப்பதாகப் பேச்சு. 2010-இல் அந்த முகப்பும் போயிற்று. மேட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நின்ற முகப்பு அது. ஓட்டல் உடனே வந்ததா என்றால் அதுவும் இல்லை.

இனி மகள் கதைக்கு வருகிறேன். அந்தக் கோவிலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப்போவதில்லை. பல வருடம் பூட்டியிருந்த கோவில். வெளிச்சுவரையும் மணிக்கூண்டையும் வைத்துக்கொண்டு, உள்ளே தளம் போட்டு, முப்பதுக்குக் கொஞ்சம் கூடுதலான வீடுகள் என்று திட்டம். அச்சடித்த புத்தகத்தில் படம் பிரமாதம். சோபாவில் ஒரு இளம் தம்பதி, பின்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னலின் மேல் பாதி. ஜன்னலின் கீழ்ப் பாதி கீழ்வீட்டுக்காரருக்கு! அதாவது ஏதோ ஒரு புனிதருக்குத் தலை எங்கள் வீட்டில், கால் அடுத்தவர் வீட்டில்.

"அப்பா, முன்பணத்துக்குக் கொஞ்சம் குறையுது. நீங்க கொஞ்சம் குடுத்தா முடிச்சிடலாம்" என்றாள் மகள். அவள் கேட்டது பெரிய தவறொன்றும் இல்லை. என் ஓய்வூதியத்தில் முன்கூட்டி வாங்கிய தொகையும் அவள் அம்மா பெயரில் இருந்த வைப்பும் கடைசியில் பிள்ளைகளுக்குத்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு மதக் காரணம் எதுவும் இல்லை. நான் கிறிஸ்தவன் அல்ல. சம்பா கோவில் மணியைக் கேட்டு வளர்ந்த இந்து. அந்தக் கோவிலின் கதையும் எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை 1748-இல் தூப்ளே காலத்தில் இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பதின்மூன்று வருடத்தில் ஆங்கிலேயர் வந்து ஊரையே தரைமட்டமாக்கினார்கள். எங்கள் ஊரில் சாமி வீடுகள் பகையால் விழுந்தன. இங்கே பகை ஒன்றும் இல்லை, யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நியாயமாகத்தான் பேசினார். "மாமா, நாம வாங்கலைன்னா அது நிக்குமா சொல்லுங்க. ஹீட்டிங் யார் கட்டறது? கூரை யார் போடறது? முப்பது குடும்பம் சேர்ந்து கட்டினா கட்டடமாவது மிஞ்சும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை.

யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தினமும் காலையில் அந்தப் பக்கமே நடக்கப் போனேன். கோவில் எதிரே ஒரு பெஞ்சு. அதில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், பின்னல் கூடையில் ரொட்டியோடு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் பேச்சு ஆரம்பித்தது. அவர் பேச்சில் பாதியை நான் ஊகித்துக்கொண்டேன், என் பிரெஞ்சு அவருக்குச் சாமியார் பிரசங்கம் போல இருந்ததாம். அவர் அப்பா காலணித் தொழிற்சாலையில் வேலை. வாராவாரம் சம்பளத்திலிருந்து இத்தனை சென்ட் கோவிலுக்கு என்று அம்மா ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைப்பாராம். அங்கே பங்கின் சொத்தை நிர்வகிக்கும் சபைக்குச் சட்டத்திலேயே "ஃபாப்ரீக்" என்று பெயர். எங்கள் பள்ளிப் பாடத்தில் அந்தச் சொல்லுக்குத் தொழிற்கூடம் என்று பொருள். அந்த அம்மாளின் வீட்டில் இரண்டு ஃபாப்ரீக்கும் ஒன்றுதான். ஒன்றில் வாங்கியதை இன்னொன்றில் கொடுத்தார்கள்.

"விற்ற பணம் யாருக்குப் போகும்?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். தன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாற்பது வருடமாக இருக்கும் வாடகை வீடு. கட்டடம் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் பெரிய மராமத்து செய்யப்போவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார், கொஞ்ச காலம் வெளியே இருக்கவேண்டுமாம். மராமத்து என்று சொல்லி வெளியேற்றி, பிறகு இரண்டு மடங்கு வாடகைக்கு விடுவதற்கு அங்கே தனிச் சொல்லே இருக்கிறது: ரெனோவிக்சியோன். மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை முதல் தேதி மாறும். அன்று ஊரில் பாதிப் பேர் மெத்தையோடும் ஃபிரிட்ஜோடும் தெருவில் இருப்பார்கள். அந்த இரும்பு வெளிப்படிக்கட்டுகளில் பீரோவை இறக்குவதைப் பார்க்கவேண்டும், நமக்கு வயிற்றைக் கலக்கும். அந்த வருட ஜூலை முதல் தேதி நான் பார்த்தபோது தெருவில் இறங்கியவர்களில் கிழவர்களும் நிறைய இருந்தார்கள்.

அந்த அம்மாள்தான் என்னை ஷிக் ரெஸ்தோ போப்புக்குப் போகச் சொன்னார். 1984-இல் அந்தப் பேட்டையில் அரசு உதவித் தொகையில் வாழ்ந்த சிலர் சேர்ந்து தொடங்கிய மலிவு விலைச் சாப்பாட்டுக்கூடம் அது. 1990-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப் படம்கூட வந்தது. தூய மத்தியா கோவில் மூடியபோது அந்தக் கட்டடத்துக்குள் குடியேறினார்கள். வேலையில்லாதவர்களுக்கு அங்கேயே சமையல் பயிற்சி. நான் ஒரு புதன்கிழமை மத்தியானம் போனேன். சூப், கோழி, உருளைக்கிழங்கு, உப்புக் கம்மி. எதிரே ஒரு இளைஞன் தொப்பியைக் கழற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பக்கத்து மேசையில் ஒரு தாயும் மூன்று குழந்தைகளும். யாரும் யாரையும் என்ன ஜாதி, என்ன மதம், பூசைக்கு வருவாயா என்று கேட்கவில்லை. கோவில் கட்டிய நாளில் டப்பாவில் சென்ட் போட்டவர்கள் இதைப் பார்த்தால் திட்டமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளையின் வாதத்தில் எனக்கு உறுத்தியது எது என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. கட்டடம் மிஞ்சும் என்றார். மிஞ்சும்தான். ஆனால் வாசலில் எண் அழுத்தித் திறக்கும் கதவு வரும். அந்த அம்மாள் தன் ஞானஸ்நானம் நடந்த இடத்தை எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்க்கலாம், உள்ளே வர முடியாது. சர்க்கஸ் பள்ளிக்குள் போகலாம், நூலகத்துக்குள் போகலாம், சாப்பாட்டுக்கூடத்துக்குள் போகலாம். அங்கே போக முடியாது.

இதை வீட்டில் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டாள், மசியவில்லை. "அப்பா, அந்தப் பாட்டிக்காக நாங்க வீடு வாங்காம இருக்க முடியுமா?" என்றாள். அதுவும் சரிதான். பணம் உன்னுடையது, எடுத்துக்கொள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தக் காகிதங்களை எனக்குக் காட்டு என்றேன்.

பேச்சுப் பிரெஞ்சு எனக்கு அங்கே காலை வாரியது. சட்டப் பிரெஞ்சு வாரவில்லை. சிவில் கோடு வாசனை புதுச்சேரியிலேயே பழக்கம். மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். வெளிச்சுவர், கூரை, அடித்தளம், மணிக்கூண்டு எல்லாம் பொதுப் பகுதி. அவற்றின் பராமரிப்பு கூட்டு உரிமையாளர்களின் பொறுப்பு, பங்குக்கு ஏற்ப. ஒரு பங்கு முழுவதும் சேர்ந்து தூக்க முடியாமல் கீழே வைத்த கோபுரத்தை முப்பது குடும்பங்கள் தூக்கவேண்டும்! மராமத்துக்காகச் சேர்க்கும் பொது நிதிக்கு முதல் வருடத்தில் காட்டியிருந்த தொகை, எங்கள் ஆபீசில் வருடாந்தரச் சுண்ணாம்படிக்கு ஒதுக்குவது போல் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துவைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் கணக்குத் தெரிந்தவர். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வேணாம் மாமா" என்றார்.

மகளுக்குக் கொஞ்ச நாள் என்மேல் வருத்தம். வண்ணக் கண்ணாடி போயிற்றே என்று. அடுத்த வருடம் மூன்று தெரு தள்ளிச் சாதாரணச் செங்கல் கட்டடத்தில் வீடு வாங்கினார்கள். அதற்கு நான் பணம் அனுப்பினேன்.

அந்தக் கோவிலில் இன்னும் யாரும் குடிவரவில்லை. மாப்பிள்ளை சொன்னதுபோல அது கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வடக்குச் சுவரில் கல் சரிந்து கம்பி வலை போட்டிருக்கிறார்களாம். பெஞ்சு அம்மாளைப் பற்றிக் கேட்டேன், மகள் பார்த்ததில்லை என்கிறாள். பேத்தி அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறாள். வேலியில் மாட்டியிருந்த கம்பெனிப் பலகையில் போன மாதம் வேறு பெயர் வந்திருக்கிறது என்று வீடியோவில் சொன்னாள்.